உஷார்! பல்பை அமுக்கி அமுக்கிக் கரை சேர்கிறீர்களா?

ஒருவர் மோட்டார்க் கைப்பிடியைப் பிடித்திருப்பார். இன்னொருவர் டேங்க் பக்கத்தில் குந்தியிருந்து, ஓஸ் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைப் பசுவிடம் பால் கறப்பதுபோல விடாமல் அமுக்கிக்கொண்டே வருவார். அமுக்கினால் மோட்டார் ஓடும். கை சலித்து விட்டால் இருமும், முக்கும், நின்றுவிடும். கரையில் கால் வைத்ததும், "எப்படியோ கொண்டாந்து சேத்துட்டோம்ல" என்று ஒரு சிரிப்பு. மறுநாள் விடியுமுன் அதே மோட்டாரோடு மறுபடியும் தொழிலுக்கு.

குமரியிலும் தூத்துக்குடியிலும் ராமநாதபுரத்திலும் வள்ளம் ஓட்டுகிற யாருக்கும் இது புதுக் காட்சி இல்லை. நானும் அப்படி அமுக்கியவன்தான். கை வலி ஒரு நாளில் போய்விட்டது. மோட்டாருக்கு வந்த செலவு போக ஒரு வருஷம் ஆனது. அதனால்தான் தலைப்பிலேயே கத்துகிறேன்.

அந்தப் பல்பு இருப்பது ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஓஸில் பெட்ரோலை நிரப்ப. அதோடு அதன் வேலை முடிந்தது. ஓடும்போது பெட்ரோலை இழுக்க மோட்டாருக்குள்ளேயே ஒரு பம்ப் இருக்கிறது. உங்கள் கை அந்த பம்பின் வேலையைச் செய்கிறது என்றால், டேங்குக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் எங்கோ பழுது இருக்கிறது. நீங்கள் அதை மறைத்துக்கொண்டு வருகிறீர்கள், அவ்வளவுதான்.

நம் கரைகளில் இன்னும் நிறையப் பேர் வைத்திருப்பது டூ ஸ்ட்ரோக் மோட்டார். அதற்குத் தனி ஆயில் அறை கிடையாது. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போகிற ஆயில் பெட்ரோலோடு கலந்தே போக வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்று கணக்கு வைத்தால், 24 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி. இப்போது யோசித்துப் பாருங்கள். பெட்ரோல் பாதிதான் வந்து சேர்கிறது என்றால் ஆயிலும் பாதிதான் வருகிறது. காற்று மட்டும் குறையாமல் வருகிறது. கலவை மெலிந்து, உள்ளே சூடு ஏறும். சூடு ஏறுகிற அதே நேரத்தில் வழவழப்பும் குறைகிறது. "கொஞ்சம் வேகம் கம்மியா இருக்கு, அவ்வளவுதான்" என்று ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிக்கொண்டு வருவோம். ஒரு கட்டத்தில் மோட்டார் சட்டென்று நிற்கும். கயிற்றை இழுத்தால் அசையாது. பிஸ்டன் பிடித்துவிட்டது. ஐம்பது ரூபாய் ரப்பர் வளையத்தில் ஆரம்பித்த கதை, சிலிண்டர் பிளாக்கில் வந்து முடியும்.

பணத்தை விடுங்கள். எங்கே நிற்கும் என்பதுதான் பயம். தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் திட்டு விழுந்து, அலை மடிந்து, வள்ளங்கள் கவிழ்ந்து எத்தனை உயிர் போயிருக்கிறது என்று குமரி மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வாயைக் கடக்கிற அரை நிமிடத்துக்கு மோட்டாரின் முழு இழுவை வேண்டும். பெட்ரோல் பற்றாக்குறை உள்ள மோட்டார் மெதுவாக ஓடும்போது ஒழுங்குப் பிள்ளையாக இருக்கும். முழு வேகம் கேட்கும்போதுதான் கை விரிக்கும். அதாவது, நடுக்கடலில் ஒன்றும் செய்யாமல், அலை உடைகிற இடத்தில் வந்து நிற்கும். பாக் நீரிணைப் பக்கம் வேறு மாதிரி ஆபத்து. கெட்ட மோட்டாரோடு நீரோட்டம் இழுத்த பக்கம் போனால், விடியும்போது எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்போம். மோட்டார் பழுது என்று சொன்னால் இலங்கைக் கடற்படைக்காரர்கள் நம்புகிறார்களா இல்லையா என்பது அன்றைய நிலவரம்.

ஸ்பேர் மோட்டார் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒன்று. ஸ்பேர் மோட்டாருக்கும் அதே டேங்க், அதே ஓஸ், அதே பங்கில் வாங்கிய அதே பெட்ரோல்தானே? டேங்கில் தண்ணீர் இருந்தால் ஒன்று போன அடுத்த நிமிடம் இன்னொன்றும் போகும்.

பெட்ரோல் மாறிவிட்டது, நாம் மாறவில்லை

இதை எத்தனை பேர் கவனித்தோம் என்று தெரியவில்லை. பெட்ரோலில் எத்தனால் கலப்பது நாட்டில் படிப்படியாக ஏறி, 2022 வாக்கில் 10 சதவீதம், 2025-இல் 20 சதவீதம் என்று வந்து நிற்கிறது. பங்கில் 'இ20' என்று ஒட்டியிருப்பது அதுதான். கார், பைக் பற்றி ஊரெல்லாம் விவாதம் நடந்தது. வள்ளத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை. ஆனால் இந்த மாற்றத்தில் அதிகம் அடிபடக்கூடியது நம் மோட்டார்தான். அவுட்போர்டு மோட்டாரோடு வரும் கையேட்டை எடுத்துப் பாருங்கள். பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் அச்சடித்திருக்கின்றன.

காரணம் இரண்டு. முதலாவது, கலவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது எத்தனால் கலந்தால், அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. புது கார்களில் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துச் சரிசெய்யும். நம் கார்ப்பரேட்டரில் இருப்பது துளை போட்ட பித்தளை ஜெட். அதற்கு எத்தனாலும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பழைய கணக்குக்கே ஊற்றும். ஆகவே பழுதே இல்லாத மோட்டார்கூட இந்தப் பெட்ரோலில் கொஞ்சம் மெலிந்த கலவையில்தான் ஓடுகிறது. அதற்கு மேல் ஓஸில் ஓர் அடைப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது இன்னும் மோசம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். நாமோ தண்ணீர் மேலேயே பிழைக்கிறவர்கள். உப்புக் காற்று, மூடி சரியாக இறுகாத டேங்க், ஐப்பசி கார்த்திகை மழை. பத்து சதவீத எத்தனால் பெட்ரோல் ஒரு லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீர் வரை தன்னுள் கரைத்து வைத்திருக்கும். 24 லிட்டர் டேங்குக்குக் கணக்குப் போட்டால் 120 மில்லி, ஒரு டீ கிளாஸ். அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். இருபது சதவீதத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பிரிந்தால் இறங்குகிற அளவும் அதிகம். டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் குழாய் எங்கே இருக்கிறது? அடியில். முதல் வாய் அந்தத் தண்ணீர்தான். இதில் யாரும் சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. நாம் அளந்து ஊற்றிய டூடி ஆயில் அந்த அடிநீரில் கரையாது. அது மேலே இருக்கும் பெட்ரோலோடு தங்கிவிடும். மோட்டாருக்குப் போவது ஆயில் இல்லாத சாராயத் தண்ணீர்.

பிரிந்த பெட்ரோலைக் குலுக்கினாலும், மேலே புதுப் பெட்ரோல் ஊற்றினாலும் பழையபடி சேராது. புயல் எச்சரிக்கை, காற்று, திருவிழா என்று இரண்டு மூன்று வாரம் கடலுக்குப் போகாமல் இருந்துவிட்டு, டேங்கில் கிடந்ததன் மேலேயே நிரப்பிக்கொண்டு புறப்படுகிறோமே, அந்த முதல் பயணம்தான் உண்மையில் ஆபத்தான பயணம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். டேங்கை ஒரு மூலைக்குச் சாய்த்து வைத்து, அடியில் கிடப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். கீழே ஒரு கோடு தெரிந்தால் முழு டேங்கையும் கொட்டி வையுங்கள். அது மோட்டாருக்கு ஆகாது. எவ்வளவு எத்தனால் என்று தெரிய வேண்டுமா? அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் ஆயில் கலக்காத பெட்ரோல் 100 மில்லி, தண்ணீர் 20 மில்லி ஊற்றி மூடிக் குலுக்கி, மூடியை மெல்லத் திறந்து காற்றை விட்டு, அப்படியே வையுங்கள். கீழே 20 இருந்த இடத்தில் கிட்டத்தட்ட 40 காட்டினால், 20 மில்லி எத்தனால் தண்ணீரோடு இறங்கிவிட்டது என்று அர்த்தம். இதையெல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம்.

நான் இரண்டு நாள் ஏமாந்த கதை

போன வருஷம் ஐப்பசியில் எங்கள் வள்ளத்தில் நடந்தது. பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு இழுவை குறையும், நிற்கும். இரண்டு நிமிடம் சும்மா விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும், மறுபடி பத்து நிமிடம். மெக்கானிக் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மறுநாளும் அதே. மறுபடி கழற்றி, ஜெட் மாற்றி, ஃப்ளோட் நீடில் மாற்றினார். அதே. பம்பில் புது டயாபிரம் போட்டார். அதே. "மோட்டார் பழசாயிருச்சு, வித்துருங்க" என்றார் கடைசியில்.

என் சித்தப்பா தொழிலை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. சும்மா கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர், "லே மக்கா, ஓடும்போது அந்த பல்பு எப்படி இருக்குன்னு யாராச்சும் பாத்தியளா?" என்றார். யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் மோட்டார் மூடிக்குள்தான்.

பார்த்தோம். பல்பு வற்றிய வயிறுபோல ஒட்டிக்கிடந்தது. மோட்டார் இழுக்கிறது, பின்னாலிருந்து வரவில்லை. அப்படியானால் கோளாறு பல்புக்கும் டேங்குக்கும் நடுவில். கார்ப்பரேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த இரண்டடி ஓஸைக் கழற்றிக் கத்தியால் நெடுக்க அறுத்தார். வெளித்தோல் புதுசு மாதிரி இருந்தது. உள்தோல் உரிந்து, நாக்கு மாதிரி தொங்கியது. மோட்டார் இழுக்க இழுக்க அந்த நாக்கு குழாயை அடைக்கும். நின்றதும் தானாக விலகும். அதுதான் இரண்டு நிமிடம் விட்டால் ஓடிய ரகசியம். எத்தனாலுக்குத் தாங்காத மலிவு ரப்பர் ஓஸ். வாங்கியது யார் என்று கேட்காதீர்கள். நான்தான், எண்பது ரூபாய் மிச்சம் பிடித்தேன்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பெட்ரோல் வரவில்லை என்றதும் கார்ப்பரேட்டரில் கை வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் தேட வேண்டியது டேங்கிலிருந்து. தண்ணீர் வராத வீட்டில் முதலில் மேல் தொட்டியைத்தானே பார்க்கிறோம்?

முதலில், இது பெட்ரோல் கோளாறுதானா என்று பாருங்கள். ஸ்விட்ச் போட்டதுபோல் சட்டென்று அணைந்தால் பெரும்பாலும் கரண்ட் விஷயம்: கில் ஸ்விட்சின் சுருள் கயிறு நழுவியிருக்கும், பிளக் வயர் கழன்றிருக்கும். பெட்ரோல் கோளாறு அப்படிச் சாகாது. வேகம் ஏறி இறங்கி, இழுத்து இழுத்து, மூச்சு வாங்கிச் சாகும். சந்தேகம் இருந்தால் ஓடும்போது சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். உயிர் வந்தால் பெட்ரோல் பற்றாக்குறை. பிளக்கைக் கழற்றினால் முனை காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கலவை மெலிவு. கறுத்து நனைந்திருந்தால் நேர் எதிர்.

டேங்க் மூடியின் மேல் ஒரு காற்றுத் திருகு இருக்கிறது. பெட்ரோல் வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். டேங்கை வண்டியில் கொண்டுவரும்போது இறுக்கி மூடுவோம். கடலில் இறங்கியதும் திறக்க மறப்போம். இவ்வளவு சின்ன விஷயம் எத்தனை மோட்டாரைக் கரைக்கு இழுத்து வந்திருக்கிறது! ஓடிக்கொண்டிருக்கும்போது டேங்கின் விலா உள்ளே ஒட்டினால், அல்லது மூடியைத் தளர்த்தும்போது உஸ் என்று காற்றை இழுத்தால், அதுதான் காரணம். திருகு திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் ஒட்டுகிறது என்றால் துளைக்குள் குத்திப் பாருங்கள். சும்மா கிடந்த டேங்கில் குளவி மண் வைத்து அடைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பல்பு. அதன் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது மோட்டார்ப் பக்கம் பார்க்க வேண்டும். ஓஸ் மாற்றும் அவசரத்தில் திருப்பிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். பல்பைக் கிடையாகப் பிடிக்காமல், மோட்டார்ப் பக்க முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள். உள்ளே இருக்கும் வால்வுகள் அப்போதுதான் ஒழுங்காக உட்காரும். சில அமுக்கில் கல் மாதிரி இறுக வேண்டும். இறுகினால் கார்ப்பரேட்டர் வரை பெட்ரோல் நிரம்பிவிட்டது. எவ்வளவு அமுக்கியும் மெத்தென்றே இருந்தால், ஒன்று காற்று புகுகிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது. இறுகிய பல்பு தானாகத் தளர்ந்து, மோட்டாரில் பெட்ரோல் வாடை அடித்தால் கார்ப்பரேட்டர் நீடில் அடைக்காமல் வழிகிறது. ஓடும்போது ஒட்டிப்போனால் எங்கள் கதை: பல்புக்குப் பின்னால், டேங்க் பக்கம் அடைப்பு. ஓடும்போது இறுகியே இருந்து, ஆனாலும் மோட்டார் சாகிறது என்றால் அடைப்பு பல்புக்கு முன்னால், மோட்டார் பக்கம்: ஃபில்டர், பம்ப், கார்ப்பரேட்டர். ஐந்து விரலால் அமுக்கிப் பார்த்தே பாதி விசாரணை முடிந்துவிடும். இதற்கு எந்த மெக்கானிக்கும் வேண்டாம்.

காற்று புகுவதைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் கெட்டிக்காரர்களும் ஏமாறுகிறார்கள். "எங்கயும் ஒழுகலையே" என்பார்கள். டேங்கிலிருந்து பல்பு வரை உள்ள ஓஸ் உறிஞ்சப்படுகிற பக்கம். அதில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். ஒரு சொட்டுகூட ஒழுகாது. செப்புக் கம்பி சுற்றிய இணைப்பு, சைக்கிள் டியூப் கட்டிய ஓஸ், உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்த கனெக்டர், எல்லாம் காய்ந்த மேனிக்கு நல்லவை மாதிரி இருக்கும். மோட்டாருக்குப் போவது பாதி காற்று. பல்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஓர் அடி நிறமில்லாத பெட்ரோல் டியூபைத் தற்காலிகமாக மாட்டி ஓட்டிப் பாருங்கள். குமிழ் குமிழாக ஓடினால் காற்று. கரையில், டிரம் தண்ணீரில் வைத்துச் சோதிக்க மட்டும். அதையே மாட்டிக்கொண்டு தொழிலுக்குப் போய்விடாதீர்கள், வெயிலில் விறைத்து வெடிக்கும்.

எல்லாவற்றையும்விடச் சுருக்கமான வழி, பக்கத்து வள்ளத்தில் நன்றாக ஓடுகிற டேங்கையும் ஓஸையும் பல்பையும் மொத்தமாக இரவல் வாங்கி மாட்டுவது. ஒரே கம்பெனி மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கனெக்டர் மாறும். கோளாறு போய்விட்டதா? உங்கள் மோட்டாருக்கு ஒன்றுமில்லை, டேங்கிலும் ஓஸிலும் தேடுங்கள். போகவில்லையா? அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், கார்ப்பரேட்டரைக் கழற்றட்டும். எங்களுக்கு இந்த யோசனை முதல் நாளே வந்திருந்தால் ஜெட், நீடில், டயாபிரம் எல்லாம் மிச்சம்.

மோட்டாருக்குள் போனால், பம்ப் என்பது உள்ளே ஒரு மெல்லிய சவ்வு. கிராங்க் அறையின் அழுத்தம் ஏறி இறங்குவதில் அது துடித்துப் பெட்ரோலை இழுக்கும். விறைத்துப் போனால் போதுமான பெட்ரோல் வராது; கை பல்பு காப்பாற்றுவது இந்த நேரத்தில். கிழிந்துவிட்டால் பெட்ரோல் நேராகக் கிராங்க் அறைக்குள் போகும். அப்போது பல்பை அமுக்க அமுக்கப் புகைதான் கூடும், பிளக் நனையும். கார்ப்பரேட்டரில், மெதுவாக ஓடும்போது மட்டும் தகராறு என்றால் சின்ன ஜெட். வேகத்தில் மட்டும் என்றால் பெரிய ஜெட் அல்லது வரத்துக் குறைவு. ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் இஎஃப்ஐ மோட்டார் வைத்திருப்பவர்கள் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை ஒழுங்காக மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உயர் அழுத்த பம்ப், அதில் நம் கை வேண்டாம்.

மண்ணெண்ணெய் மோட்டார்க்காரர்களுக்கு இரண்டே விஷயம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். கரைக்கு வருமுன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிக் கார்ப்பரேட்டரில் கிடக்கும் மண்ணெண்ணெய் தீரும் வரை ஓட்ட வேண்டும். சின்ன டேங்கில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று இதை விட்டால், மறுநாள் இழுத்து இழுத்துத் தோள்பட்டை இறங்கும். இரண்டாவது, பெட்ரோல் மோட்டாரில் விலை குறைவென்று மண்ணெண்ணெய் கலந்து ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் மோட்டாரை அதற்கென்றே அழுத்தம் குறைத்துச் செய்திருக்கிறார்கள். பெட்ரோல் மோட்டாரில் அது நேரங்கெட்ட நேரத்தில் வெடித்துப் பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும்.

கோளாறு பார்க்கப் போய் உயிரைக் கொடுக்காதீர்கள்

வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். வயிற்றுக்குள் போனால் வாந்தி வரும் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். ஒரு வாய் தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் வெந்துவிடும், ஆளையே கொன்றிருக்கிறது. அப்படி ஒருவர் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, வரும்போது மறுபடி நுரையீரலுக்குப் போகும். நேரே ஆஸ்பத்திரி. குறைந்த விலைக்குக் கை பம்ப் கிடைக்கிற காலத்தில் வாய் எதற்கு?

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கழற்றிய ஓஸிலிருந்து சொட்டியது வள்ளத்தின் அடியில் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் உட்கார்ந்து பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்ப்பதும், பீடி பற்றவைப்பதும் ஒன்றுதான். டேங்கை வள்ளத்தில் வைத்தே நிரப்பாமல் கரையில் இறக்கி நிரப்புங்கள். மோட்டார் மூடியைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்கும்போது லுங்கியை மடித்துக் கட்டுங்கள், தோளில் துண்டு வேண்டாம். சுற்றுகிற ஃப்ளைவீலுக்குத் துணி என்றால் ஆசை. தண்ணீர் இல்லாமல் மணலில் வைத்து ஓட்டிப் பார்ப்பவர்கள், பெட்ரோல் கோளாறைச் சரிசெய்து இம்பெல்லர் கோளாறை வாங்கிக்கொள்வார்கள்.

கடலில் நின்றுவிட்டால் எதிலும் கை வைக்குமுன் நங்கூரத்தைப் போடுங்கள். நம்மில் பாதிப் பேர் கயிற்றை இழுத்துக்கொண்டே பாறைக்கோ முகத்துவாரத்துக்கோ ஒதுங்கிவிடுகிறோம். நங்கூரம் பிடித்ததும் கில் ஸ்விட்ச், டேங்கில் பெட்ரோல், காற்றுத் திருகு, மீன் பெட்டிக்கு அடியில் நசுங்கிய ஓஸ், இரண்டு முனைக் கனெக்டர், பல்பு என்று வரிசையாகப் பாருங்கள். பல்பை அமுக்கித்தான் ஓடுகிறது என்றால் பாதி வேகத்துக்கு மேல் போகாதீர்கள், நேரே பக்கத்துக் கரைக்குத் திருப்புங்கள். முகத்துவாரம் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் வெளியிலேயே நங்கூரமிட்டு, இன்னொரு வள்ளத்தைக் கூப்பிட்டு இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாளை தொழிலுக்குப் போகுமுன் டேங்க் அடியை ஒரு பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். ஓஸ் இரண்டு வருஷத்துக்கு மேல் பழசென்றால் எத்தனால் தாங்கும் ஓஸாகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். கடலோரக் காவல் படையின் மீட்பு எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் எழுதி வையுங்கள். போனில் சார்ஜ் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.